இஞ்சியோனுக்கு ஒரு நாள்: பழைய துறைமுகமா, சோங்டோவா, காங்வாத் தீவா?

கொரியாவுக்கு வருகிற பெரும்பாலானோரின் விமானச் சீட்டில் இஞ்சியோன் என்ற பெயர்தான் அச்சாகியிருக்கும். ஆனால் அவர்கள் இறங்கியதும் விமான நிலைய ரயிலில் ஏறி நேரே சியோலுக்குப் போய்விடுகிறார்கள். ஊர் திரும்பும் நாளில் அதே ரயிலில் வந்து விமானம் ஏறிவிடுகிறார்கள். விமான நிலையம் இருப்பது யோங்ஜோங் என்ற தீவில் என்பதும், அதற்கும் இஞ்சியோன் நகரத்துக்கும் இடையே கடல் கிடக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாமலே போகிறது. ஏறத்தாழ 30 லட்சம் மக்கள் வாழும், கொரியாவின் மூன்றாவது பெரிய நகரமான ஒரு துறைமுகத்தைத் தலைநகருக்கு இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்காமல் திரும்புவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற செய்தி. அதனால் சியோலில் ஒரு வாரம் தங்குகிற எவரிடமும் ஒரு நாளை இஞ்சியோனுக்கு ஒதுக்குங்கள் என்றுதான் சொல்வேன். அப்படிச் சொன்னதும் வரும் அடுத்த கேள்வி, அந்த ஒரு நாளில் எங்கே போவது என்பது. அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

கேள்வி எழக் காரணம், இஞ்சியோன் ஒரே இடமாக இல்லாததுதான். 1883இல் வெளிநாட்டுக் கப்பல்களுக்குத் திறந்துவிடப்பட்ட பழைய துறைமுகப் பகுதி ஒன்று. கடலைத் தூர்த்து உருவாக்கிய சோங்டோ புதுநகரம் இன்னொன்று. 1995இல் இஞ்சியோன் மாநகரத்தோடு சேர்க்கப்பட்ட, வட கொரியாவின் கரையைப் பார்த்தபடி இருக்கும் காங்வாத் தீவு மூன்றாவது. சுற்றுலாக் கையேடுகளில் இவை அடுத்தடுத்த பக்கங்களில் வந்தாலும், நிலத்தில் ஒன்றுக்கொன்று வெகுதூரம். சோங்டோவிலிருந்து காங்வாவுக்குப் பொதுப் போக்குவரத்தில் போய் வர முயன்றால் நாளின் பெரும்பகுதி பேருந்துகளிலேயே கழிந்துவிடும். எனவே எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்ற எண்ணத்தை முதலிலேயே கைவிட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சியோலில் தங்கியபடி ஒரே ஒரு நாள் வருபவர் பழைய துறைமுகத்துக்குப் போக வேண்டும். இரண்டாவது நாள் கிடைத்தால் அதைக் காங்வாவுக்குக் கொடுக்க வேண்டும். சோங்டோ, விமான நேரம் இடம்கொடுப்பதைப் பொறுத்தும், யாரோடு பயணம் செய்கிறோம் என்பதைப் பொறுத்தும் தீர்மானிக்க வேண்டிய இடம். இந்த வரிசையை ஏற்காதவர்கள் உண்டு. அவர்களுடைய காரணங்களுக்கும் இடம்கொடுத்தே எழுதுகிறேன்.

மூன்று இடங்களையும் இணைக்கும் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் தேர்வு எளிதாகும். அது அலையேற்றம். இஞ்சியோன் கடலில் ஓதத்துக்கும் வற்றுக்கும் இடையிலான உயர வேறுபாடு 9 மீட்டர் அளவுக்குப் போகும். உலகின் பெரிய ஓத வேறுபாடுகளில் இதுவும் ஒன்று. காலையில் கரையை முட்டிக்கொண்டிருந்த கடல் மதியத்தில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை சாம்பல் நிறச் சேறாகக் கிடக்கும். இந்தக் காரணத்தால்தான் உள் துறைமுகத்தில் கப்பல்களைத் தண்ணீரோடு அடைத்துவைக்கும் மடைக்கதவுகள் தேவைப்பட்டன. முதலில் 1918இலும், பிறகு மிகப் பெரிய அளவில் 1974இலும் அவை கட்டி முடிக்கப்பட்டன. சோங்டோவைக் கட்ட முடிந்ததும் அந்தச் சேற்றுப் பரப்பை மண்கொட்டி மேடாக்க முடிந்ததால்தான். 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியப் படைகள் கொரியாவைச் சூறையாடியபோது அதை அப்போது ஆண்ட கொர்யோ அரசவை காங்வாவுக்கு ஓடி ஒளிந்ததற்கும், தீவை நிலத்திலிருந்து பிரிக்கும், குறுகியதாக இருந்தும் வேகமான நீரோட்டமும் சேறும் நிறைந்த கடற்கால்வாயே அரண். எந்த இடத்துக்குப் போனாலும், போகிற நாளின் ஓத நேரத்தை முன்பே பார்த்துவைத்துக்கொள்வது நல்லது. ஏறிய கடலையும் வற்றிய கடலையும் ஒரே நாளில் பார்த்தவருக்கு இந்த ஊரின் வரலாறு பாதி புரிந்துவிடும்.

பழைய துறைமுகத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே போவது மிக எளிது. சியோல் நிலையத்திலிருந்து மெட்ரோ 1ஆம் தடத்தில் ஏறினால், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும் பயணத்தில் கடைசி நிலையமான இஞ்சியோனில் இறங்கலாம். யோங்சானிலிருந்து தொங்இஞ்சியோன் வரை விரைவு வண்டியும் உண்டு. கவனிக்க வேண்டியது ஒன்றே: இந்தத் தடம் குரோ நிலையத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை இஞ்சியோனுக்கும் மற்றொன்று சுவொன் வழியாகத் தெற்கேயும் போகும். வண்டியின் முகப்பில் எழுதியிருக்கும் கடைசி நிலையத்தின் பெயரைப் படித்துவிட்டு ஏற வேண்டும். இந்த ரயில் பாதைக்கே ஒரு பெருமை உண்டு: கொரியாவின் முதல் ரயில் ஓடியது இந்தத் தடத்தில்தான். 1899 செப்டம்பரில் நோர்யாங்ஜின்னுக்கும் இஞ்சியோனுக்கும் இடையே அது தொடங்கியது. அவ்வளவு பெரிய வரலாற்றின் முனையில் நிற்கும் இஞ்சியோன் நிலையம் மிகச் சிறிய கட்டடம். வெளியே வந்து நிமிர்ந்தால், சாலைக்கு எதிர்ப்புறம் சீன நகரத்தின் தோரணவாயில் நிற்கும். வழி கேட்க வேண்டிய தேவையே இல்லை.

சீன நகரத்தின் முதன்மைத் தெருவைப் பற்றி நேர்மையாகச் சொல்வதானால், சிவப்பு விளக்குகளும் கூட்டமும் நிறைந்த உணவகத் தெரு அது. வார இறுதியில் நடக்கவும் இடமிருக்காது. ஆனால் அதன் பின்னணி பொய்யில்லை. 1884இல் அன்று சீனாவை ஆண்ட சிங் அரசுக்கு இங்கே குத்தகை நிலம் கிடைத்தது. எதிர்க்கரையிலிருக்கும் ஷாண்டோங் மாகாணத்திலிருந்து வணிகர்களும் கூலித் தொழிலாளர்களும் வந்து குடியேறினார்கள். அவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் உணவு, கறுப்பு அவரைச் சாந்தில் பன்றி இறைச்சியும் வெங்காயமும் வதக்கிக் கலந்து, கொரிய நாக்குக்கேற்ப இனிப்பேறி, ஜாஜாங்மியோன் ஆனது. கொரியத் தொடர்கள் பார்ப்பவர்கள், வீடு மாறும் நாளில் தரையில் உட்கார்ந்து கறுப்புச் சாறு உதட்டில் ஒட்ட எல்லோரும் சாப்பிடும் அந்த நூடுல்ஸை உடனே அடையாளம் காண்பார்கள். அதைப் புகழ்பெறச் செய்த கொங்ஹ்வாச்சுன் என்ற பழைய உணவகத்தின் கட்டடம் 2012 முதல் ஜாஜாங்மியோன் அருங்காட்சியகமாக இருக்கிறது. சிறியது, ஆனால் துறைமுகக் கூலிகளின் அவசரச் சாப்பாடு ஒரு நாட்டின் பொது உணவானது எப்படி என்பதைப் பொருள்களை வைத்தே சொல்லிவிடுகிறது.

இந்தத் தெருவோடு திரும்பிவிடுபவர்கள்தான் இஞ்சியோனில் ஒன்றுமில்லை என்று சொல்பவர்கள். அவர்கள் இன்னும் நூறு அடி நடந்திருந்தால், சிங் அரசின் குத்தகை நிலத்துக்கும் ஜப்பானியக் குத்தகை நிலத்துக்கும் எல்லையாக இருந்த கல் படிக்கட்டை அடைந்திருப்பார்கள். மலைச்சரிவில் மேலேறும் அந்தப் படிகளின் இரு ஓரங்களிலும் கல்விளக்குகள் நிற்கின்றன. இடப்புறம் சீனப் பாணி, வலப்புறம் ஜப்பானியப் பாணி. நடுவே நின்று இரு பக்கமும் பார்த்தால், ஒரு பக்கம் செங்கல்லும் வண்ணமும் நிறைந்த உணவகங்கள். மறுபக்கம் மரச்சட்ட முகப்புக் கொண்ட ஜப்பானிய வீடுகள். தன் மண்ணிலேயே தனக்கு இடமில்லாமல் இரு வல்லரசுகள் பங்குபோட்டுக்கொண்ட ஒரு நாட்டின் நிலை, எந்த விளக்கப் பலகையும் இல்லாமல் அந்தப் படிகளில் புரிந்துவிடும். எனக்கு இஞ்சியோனில் மிகவும் முக்கியமான இடம் இதுதான்.

படிகளுக்குக் கிழக்கே ஜப்பானிய வங்கிகளின் தெரு. 1899இல் கட்டிய கல் கட்டடமொன்றில் திறந்த துறைமுக அருங்காட்சியகம் இயங்குகிறது. சற்றுத் தள்ளி, பழைய கிடங்குகளைக் கலைக்கூடங்களாக மாற்றியிருக்கிறார்கள். படிகளின் உச்சியில் ஜாயு பூங்கா. 1888இல் அமைக்கப்பட்ட இது கொரியாவின் முதல் மேற்கத்தியப் பாணிப் பூங்காவாகக் கருதப்படுகிறது. அங்கே 1957இல் நிறுவிய அமெரிக்கத் தளபதி மெக்கார்தரின் சிலை துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கிறது. 1950 செப்டம்பர் 15 அன்று அவர் தலைமையில், காலை ஓதத்தில் துறைமுகத்தை ஒட்டிய வொல்மிடோவைப் பிடித்து, கடல் வற்றியிருந்த பகல் முழுவதும் காத்திருந்து, மாலை ஓதத்தில் நகரத்துக்குள் இறங்கிய படையெடுப்பு கொரியப் போரின் போக்கையே மாற்றியது. சிலைக்கு முன்னே மலர் வைப்பவர்கள் உண்டு. அதை அகற்றக் கோரி 2005இல் பெரிய போராட்டம் நடந்ததும் உண்டு. இரண்டுக்கும் காரணம் தெரிய வேண்டுமானால் வொல்மிடோவுக்குப் போக வேண்டும்.

வொல்மிடோ பெயரளவில் தீவு. கரையோடு எப்போதோ இணைந்துவிட்டது. இன்று அதன் கடற்கரைச் சாலையில் ராட்டினங்களும் வறுத்த சிப்பிக் கடைகளும் இளைஞர் கூட்டமும் நிறைந்திருக்கும். படையிறக்கத்துக்கு ஐந்து நாள் முன்னதாக, செப்டம்பர் 10 அன்று, அமெரிக்க விமானங்கள் இங்கே நேபாம் குண்டுகளை வீசியதில் மீனவக் கிராமத்து மக்கள் பலர் இறந்தார்கள். கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2008இல் இதை உறுதிசெய்தது. தப்பியவர்கள் தங்கள் நிலத்துக்குத் திரும்ப முடியவில்லை. அது ராணுவத் தளமாகி, 2001இல்தான் பொதுமக்களுக்கான பூங்காவாகத் திறக்கப்பட்டது. அந்தப் பூங்காவின் மரநிழலில் மெதுவாக ஏறி உச்சியிலிருந்து துறைமுகத்தின் மடைக்கதவுகளைப் பார்ப்பதை ராட்டினத்தைவிட முக்கியமாக நினைக்கிறேன். நடக்க முடியாதவர்களுக்கு 2019இல் தொடங்கிய வொல்மி கடல் ரயில் இருக்கிறது: 6.1 கிலோமீட்டர் நீளமான ஒற்றைத் தண்டவாள வண்டி, இஞ்சியோன் நிலையத்தருகே புறப்பட்டுத் தீவைச் சுற்றிவருகிறது. வழியில் துறைமுகத்தின் பிரம்மாண்டமான தானியக் கிடங்குகள் வரும். அவற்றின் மீது வரிசையாக அடுக்கிய புத்தகங்களின் முதுகுகளைப்போல ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். உலகின் மிகப் பெரிய வெளிப்புறச் சுவரோவியம் என்று 2018இல் கின்னஸ் பதிவு பெற்ற ஓவியம் அது.

புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகளாகிய நமக்கு இங்கே இன்னொரு இடம் நெருக்கமாகப் படும். 1902 டிசம்பரில் இந்தத் துறையிலிருந்துதான் முதல் கொரியக் குடியேறிகள் ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறினார்கள். வொல்மிடோவில் 2008இல் திறந்த கொரியக் குடிப்பெயர்ச்சி வரலாற்று அருங்காட்சியகம் அவர்கள் கதையைச் சொல்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி மலேயாவின் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழியில் வந்த எவரும் அந்தக் காட்சிப் பெட்டிகளைச் சும்மா கடந்து போக மாட்டார்கள்.

இந்தப் பகுதியின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஏற்ற இறக்கம் அதிகம். முழங்கால் வலி உள்ள பெற்றோரை அழைத்துவந்தால் படிக்கட்டுகள் சோதிக்கும். சைவ உணவுக்காரர்களுக்குச் சீன நகரம் கடினம். ஜாஜாங்மியோன் சாந்தில் பன்றி இறைச்சி இருக்கும். இறைச்சித் துண்டுகள் கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் பன்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கலாம். பதினைந்து நிமிட நடைத் தூரத்தில் இருக்கும் சின்போ சந்தையில் இனிப்புக் காரக் கோழி வறுவலுக்கு நீண்ட வரிசை நிற்கும். ஆனால் உள்ளே வெறும் காற்றோடு பொரிந்து நிற்கும் கொங்கால் ரொட்டி போன்றவையும் அங்கே கிடைக்கும்; இருந்தாலும் கையில் கொஞ்சம் பழமும் பிஸ்கட்டும் வைத்துக்கொள்வது அறிவுடைமை.

இனி சோங்டோ. 1990களில் சேற்றுக் கடலைத் தூர்க்கத் தொடங்கி, 2003இல் தனிப் பொருளாதார மண்டலமாக அறிவித்துக் கட்டிய நகரம் இது. 305 மீட்டர் உயரக் கோபுரம், கடல்நீர் பாயும் கால்வாயோடு 2009இல் திறந்த சென்ட்ரல் பார்க், நிலத்தடிக் குழாய்களின் வழியே குப்பையை உறிஞ்சிச் செல்லும் ஏற்பாடு, 2013 முதல் இங்கே இயங்கும் பசுமைக் காலநிலை நிதியத்தின் தலைமையகம் என்று பெருமைப்பட அதற்குப் பல உண்டு. சமதளமான, அகலமான, சுத்தமான பாதைகள். சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் இதைவிட வசதியான இடம் இஞ்சியோனில் இல்லை. மாலையில் கட்டடங்களின் விளக்குகள் கால்வாயில் விழும்போது படகில் போவது குழந்தைகளுக்கு மறக்க முடியாததாக இருக்கும்.

ஆனால் சிங்கப்பூரின் மரினா பே பகுதியை ஏற்கெனவே பார்த்த ஒருவர், சியோலில் கிடைத்த ஒரே ஓய்வு நாளைச் சோங்டோவுக்குக் கொடுத்தால் ஏமாற்றமடைவார் என்றே நினைக்கிறேன். கட்டடங்களுக்கு இடையிலான தூரம் வரைபடத்தில் தெரிவதைவிட அதிகம். குளிர்காலத்தில் கடற்காற்று தடையில்லாமல் வீசும். மேலும் இந்த நகரம் எழுந்த இடம் வெறும் சேறு அல்ல. வலசைப் பறவைகள் இரைதேடி இறங்கும் நிலம் அது. எஞ்சியிருக்கும் ஒரு பகுதிக்கு 2014இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. அரிய பறவையான கறுமுகக் கரண்டிவாயன் பக்கத்திலுள்ள நாம்டோங் நீர்த்தேக்கத்தின் சிறு திட்டில் கூடு கட்டுகிறது. சோங்டோவின் அழகை ரசிக்கும்போதே அதற்காகக் கொடுத்த விலையையும் எண்ணிப் பார்ப்பது நியாயம்.

இவ்வளவு சொன்ன பிறகும், சோங்டோவுக்குப் போக ஒரு வலுவான காரணத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்: 2023 ஜூனில் அங்கே திறந்த தேசிய உலக எழுத்துகள் அருங்காட்சியகம். உலகின் எழுத்துமுறைகளுக்காகவே அமைந்த அருங்காட்சியகங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. நீண்ட வெள்ளைச் சுருளைப் பூங்காவில் விரித்துவைத்த தோற்றத்தில் இருக்கிற கட்டடம். நிரந்தரக் காட்சிக்கூடம் நிலத்துக்கடியில். மெசபடோமிய ஆப்பெழுத்துக் களிமண் பலகையிலிருந்து குட்டன்பர்க் அச்சிட்ட விவிலியத்தின் பகுதிவரை அசல் பொருள்கள் இருக்கின்றன, அனுமதிக்குக் கட்டணமில்லை. கல்வெட்டிலும் ஓலைச்சுவடியிலும் ஆர்வம் கொண்ட ஒரு தமிழ் வாசகர், மேலே நான் சொன்ன வரிசையை மாற்றி இதையே முதலில் வைத்தால் நான் மறுக்க மாட்டேன். அப்படிச் செய்பவர் காலையில் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, இஞ்சியோன் மெட்ரோ 1ஆம் தடத்தில் வொனின்ஜே நிலையம் வந்து, அங்கே சுயின் – புண்டாங் தடத்துக்கு மாறி, இஞ்சியோன் நிலையத்தில் இறங்கினால் பிற்பகலைப் பழைய துறைமுகத்தில் கழிக்கலாம். மூன்று இடங்களில் இரண்டை ஒரே நாளில் சேர்க்க முடிகிற ஒரே இணை இதுதான்.

காங்வா அப்படிச் சேர்க்கக்கூடிய இடமில்லை; அது முழு நாளைக் கேட்கும். சியோலின் மேற்குப் பகுதியிலிருந்து கிம்போ வழியாகப் போகும் பேருந்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகலாம். வார இறுதியில் சாலை நெரிசலால் அதுவும் நீளும். தீவுக்குள் பேருந்துகள் இடைவெளி விட்டே வரும். ஆனாலும் கொரிய வரலாற்றை மண்ணில் தொட்டுப் பார்க்க விரும்புகிறவருக்கு, இத்தனை சிறிய பரப்பில் இத்தனை காலங்கள் அடுக்கடுக்காகக் கிடக்கும் வேறு இடம் சியோலுக்கு அருகில் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

புகுன்னியில் இருக்கும் கல்திட்டை 2000இல் உலகப் பாரம்பரியச் சின்னமானவற்றுள் ஒன்று. இரண்டு தாங்குகற்களின் மேல் சுமார் 50 டன் எடையுள்ள மூடுகல் சற்றே சாய்ந்து நிற்கிறது. நம் ஊர்ப் பக்கத்தில் கல்திட்டைகளைப் பார்த்தவர்களுக்கு அதன் முன் நிற்கும்போது வியப்போடு ஓர் அணுக்கமும் தோன்றும். 1232 முதல் 1270 வரை கொர்யோ அரசின் தலைநகரம் இந்தத் தீவுதான். எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட மரப்பலகைகளில் பௌத்த நூல்தொகையைச் செதுக்கும் மாபெரும் பணி அந்தப் புகலிட ஆண்டுகளில் நடந்தது. அந்தப் பலகைகள் இன்று தெற்கே ஹேயின்சா கோயிலில் இருக்கின்றன. 1866இல் பிரெஞ்சுப் படையும், 1871இல் அமெரிக்கப் படையும் கரையோரக் கோட்டைகளைத் தாக்கின. 1875இல் ஜப்பானியப் போர்க்கப்பல் வந்தது. அடுத்த ஆண்டே இந்தத் தீவில் கையெழுத்தான ஒப்பந்தம் கொரியாவின் கதவை உடைத்தது. பழைய துறைமுகத்தின் படிக்கட்டில் நாம் பார்த்த காட்சியின் தொடக்கம் இங்கேதான். பிரெஞ்சுப் படை அள்ளிச் சென்ற அரச நூலகத்தின் சுவடிகள் 2011இல்தான், அதுவும் புதுப்பிக்கத்தக்க கடனாக, கொரியாவுக்குத் திரும்பின.

காங்வாவில் நேரம் குறைவாக இருந்தால் ஜொண்டுங்சா கோயிலை மட்டுமாவது பார்க்க வேண்டும். மலைக்கோட்டை மதிலுக்குள் இருக்கும் இந்தப் பௌத்தக் கோயில் 381இல் தோன்றியதாக மரபு சொல்கிறது. இப்போதுள்ள முதன்மை மண்டபம் 1621ஆம் ஆண்டுக்குரியது. மண்டபத்தின் நான்கு மூலைகளிலும் கூரைக்கு அடியில் நிமிர்ந்து பாருங்கள்: குந்தி உட்கார்ந்த சிறு உருவங்கள் கூரையின் பாரத்தைத் தலையாலும் கையாலும் தாங்கிக்கொண்டிருக்கும். தன் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிய மதுக்கடைப் பெண்ணை, காலமெல்லாம் கூரை சுமக்கும்படி தச்சன் செதுக்கிவைத்தான் என்று கதை சொல்வார்கள். கோபமும் கைத்திறனும் ஒன்றாகச் சேர்ந்த அந்த மரத்துண்டுகள் எந்தப் பெரிய அருங்காட்சியகப் பொருளையும்விட நெஞ்சில் நிற்கும்.

தீவின் வடமுனையில் 2008இல் திறந்த அமைதிக் காட்சிமாடத்திலிருந்து, சுமார் 2 கிலோமீட்டர் அகல நீருக்கு அப்பால், வட கொரியாவின் வயல்களும் வீடுகளும் தொலைநோக்கியில் தெரியும். வழியில் ராணுவச் சோதனைச் சாவடி உண்டு. கடவுச்சீட்டு இல்லாமல் போகக் கூடாது. இரு கொரியாக்களுக்கும் இடையிலான ராணுவமில்லா வலயத்துக்குச் சியோலிலிருந்து நடத்தும் சுற்றுலாக்களில் அவசரமாக இறக்கி ஏற்றுவதைவிட, இங்கே அமைதியாக நின்று பார்ப்பது எவ்வளவோ மேல். மலையேறுபவர்களுக்கு 470 மீட்டர் அளவு உயரமுள்ள மனிசானும், அதன் உச்சியில் கொரிய மக்களின் தொன்மத் தந்தை தாங்குன் வழிபட்டதாகச் சொல்லும் கல் மேடையும் இருக்கின்றன. ஆனால் மலையையும் காட்சிமாடத்தையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம். மூன்று, நான்கு பேர் சேர்ந்து போனால் ஒரு நாளுக்கு டாக்சி பேசிக்கொள்வது பணத்தைவிட நேரத்தைப் பெரிதும் மிச்சப்படுத்தும்.

சொரே மீன்பிடித் துறையையும் தொலைதூரத் தீவுகளையும் சிலர் பரிந்துரைப்பார்கள். சொரே, நண்டிலும் உப்பிட்ட இறாலிலும் நாட்டமுள்ளவர்களுக்கு நல்ல இரண்டு மணி நேரம். சுயின் – புண்டாங் தடத்திலேயே இருக்கிறது. பெங்யோங் போன்ற தீவுகளுக்குக் கப்பலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். பனிமூட்டம் வந்தால் கப்பலே புறப்படாது. ஒரு வாரப் பயணத்தில் அந்த அபாயம் வேண்டாம்.

அடுத்தது, இஞ்சியோனில் இரவு தங்குவதா என்பது. இந்தக் கேள்வி 1888இலேயே எழுந்த ஒன்று. அந்த ஆண்டு இங்கே கொரியாவின் முதல் மேற்கத்தியப் பாணி ஓட்டலான தேபுல் எழுந்தது. கப்பலில் வந்திறங்கியவர்கள் குதிரையில் சியோல் போய்ச் சேர ஒரு பகல் பிடித்ததால் பலரும் இங்கே ஓர் இரவு தங்கினார்கள். 1899இல் ரயில் வந்ததும் தங்க வேண்டிய தேவை போயிற்று. ஓட்டல் நொடித்து, பின்னாளில் சீன உணவகமாகி, 1978இல் இடிக்கப்பட்டது. அதே இடத்தில் 2018இல் மீண்டும் எழுப்பிய கட்டடம் இப்போது காட்சிக்கூடம். இன்றும் கணக்கு மாறவில்லை: சியோலில் அறை எடுத்திருப்பவர் பழைய துறைமுகத்துக்காக இடம் மாற வேண்டியதில்லை. ஆனால் பயணத்தின் கடைசி இரவு வேறு கணக்கு. மறுநாள் காலை விமானம் என்றால், முந்தைய நாள் பெட்டிகளோடு சோங்டோவுக்கு வந்து, எழுத்துகள் அருங்காட்சியகத்தையும் பூங்காவின் மாலையையும் பார்த்து, அங்கேயே தங்கி, விடியலில் இஞ்சியோன் பாலத்தின் மீது விமான நிலையம் போகலாம். 2009இல் திறந்த அந்தப் பாலம் 20 கிலோமீட்டருக்கு மேல் நீளமான கடல்வழிச் சாலையின் பகுதி; பேருந்திலோ டாக்சியிலோ ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சோங்டோ தன் முழு மதிப்பையும் காட்டுவது இந்த ஓர் ஏற்பாட்டில்தான்.

விமானம் மாறுவதற்காகச் சில மணி நேரம் மட்டுமே இருப்பவர்கள் முதலில் விசாவைப் பார்க்க வேண்டும். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குக் கொரியாவுக்குள் நுழைய விசா தேவை. அமெரிக்கா போன்ற சில நாடுகளின் விசாவோடு அந்நாடுகளுக்குப் போய்வருபவர்களுக்கு நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு. அந்த நிபந்தனைகள் மாறக்கூடியவை என்பதால் தூதரகத்தின் அறிவிப்பையும் விமான நிறுவனத்தையும் கேட்டு உறுதிசெய்த பிறகே திட்டமிட வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்குக் குறுகியகாலச் சுற்றுலாவுக்கு விசா வேண்டாம். நுழைய அனுமதி இருந்தால், விமான நிலையத்திலேயே நடத்தும் இலவச இடைநிறுத்தச் சுற்றுலாக்களில் சேர்வது பாதுகாப்பானது. நேரத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். தனியே போவதானால் ஆறு மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளியில் பழைய துறைமுகத்தை எண்ணாதீர்கள். விமான நிலையத்திலிருந்து அங்கே நேரடி ரயில் இல்லை. விமான நிலைய ரயிலில் கொமாம் வந்து, இஞ்சியோன் 2ஆம் தடத்தில் ஜுவான் வந்து, பிறகு 1ஆம் தடத்துக்கு மாற வேண்டும். அவ்வளவு அலைச்சலுக்குப் பதிலாக யோங்ஜோங் தீவிலேயே இருக்கும் உல்வாங்னி கடற்கரைக்குப் போய்விட்டு வரலாம். மேற்குக் கடலில் சூரியன் இறங்குவதை அங்கே நன்றாகப் பார்க்க முடியும்.

காலம் பார்த்துப் போவதும் முக்கியம். ஏப்ரல், மே, செப்டம்பர் இறுதி, அக்டோபர் ஆகியவை மூன்று இடங்களுக்கும் ஏற்றவை. ஜூலையில் மழை கொட்டும், ஜனவரியில் கடற்காற்று நிற்கவிடாது. வழிகாட்டும் செயலிக்கு நேவர் மேப் அல்லது காக்காவோ மேப் வைத்துக்கொள்ளுங்கள். பழைய துறைமுகத்துக்கு வார நாள் மிக நல்லது. ஆனால் திங்கட்கிழமை வேண்டாம், அன்று அங்குள்ள அருங்காட்சியகங்களும் கடல் ரயிலும் சோங்டோவின் எழுத்துகள் அருங்காட்சியகமும் மூடியிருக்கும். திங்களைத் தவிர வேறு நாளே கிடைக்காதவர் காங்வாவுக்குப் போகலாம்: கல்திட்டை திறந்த வெளியில் நிற்கிறது, ஜொண்டுங்சாவின் கோட்டை வாயில் அன்றும் திறந்திருக்கும், சாலையிலும் வார இறுதியின் நெரிசல் இருக்காது.